கைமாறிய தோட்டமும் கைமாறிய மென்பொருளும்

1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தை திறந்து நான்கு மணி நேரம் ஆவதற்குள் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி கார்ப்பரேஷன் மலேசியாவின் கைக்கு வந்துவிட்டது. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனலுக்காகத் தரகர்கள் பங்குகளை வாரியெடுத்த அந்தக் காலைக்கு 'விடியற்காலைத் தாக்குதல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் ரப்பரும் செம்பனையும் ஒரே காலையில் கைமாறின. 28 ஆண்டு கழித்து, 2009 ஏப்ரல் 20ஆம் தேதி, அமெரிக்காவின் ஆரக்கிள் நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்சை 740 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஒன்று மண், மற்றது மென்பொருள். ஆனால் இரண்டிலுமே விலை பேசியவர்கள் வேறு, அந்தச் சொத்தை உழைத்து உண்டாக்கியவர்களும் அதை நம்பிப் பிழைத்தவர்களும் வேறு. பேரம் நடந்த அறையில் உழைத்தவர்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்ற கணக்கைப் பொருளாதாரப் பத்திரிகைகள் போட்டு முடித்துவிட்டன. எனக்கு வேண்டியது வேறு கணக்கு. கம்பெனி கைமாறுகிற நாளில், அதில் வேலை செய்தவர் எதை எடுத்துக்கொண்டு வெளியே போக முடிகிறது?

மலாக்காவின் செர்காம், உம்பாய் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுட்ட மீன்தான் ஞாபகம் வரும். கடலுக்கு முதுகைக் காட்டி ஜாசின் பக்கம் திரும்பினால் செம்பனை தொடங்கிவிடும். கம்பெனி கைமாறுவது மலாக்காவுக்குப் புதிய செய்தியே அல்ல. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று ரப்பரை முதலில் பயிரிட்டவர் மலாக்காக்காரரான தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ஆரம்பித்து, 1898இல் புக்கிட் ஆசாகானில் பெரிதாகக் கால் வைத்தார். அங்கே மரம் பால் கொடுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தோட்டம் ஆங்கிலேயக் கம்பெனி வசம் போய்விட்டது. மலாயாவின் ரப்பர் கதையே ஒரு கம்பெனி வாங்கலோடுதான் தொடங்குகிறது என்றாலும் தப்பில்லை.

தோட்டப் பாட்டாளிக்கு அடி விழுந்தது ஒரு பெரிய கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியை வாங்கியபோது அல்ல, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது. 1950களிலும் 60களிலும் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்த விலைக்குத் தோட்டத்தைத் தள்ளிவிட்டுப் புறப்பட்டன. உள்ளூர் வணிகக் குழுக்கள் மொத்தமாக வாங்கி, நிலத்தைக் கூறு போட்டுச் சில்லறையாக விற்றன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் விரிவாக ஆராய்ந்து அறிக்கையாகவே வெளியிட்டார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் 'துண்டாடல்' என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் நிறுத்துவார்களே, அது இதுதான்.

அதன் சூட்சுமம் 100 ஏக்கர் என்ற எல்லையில் இருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் அரசாங்கக் கணக்கில் அது தோட்டம். அதற்குக் கீழே போனால் சிறு உடைமை. நிலத்தைக் கூறு போட்டதும் தோட்டம் என்ற பெயர் போயிற்று, பெயரோடு தோட்டத்துக்குரிய ஏற்பாடுகளும் போயின. ஆயாக் கொட்டகை, மருந்தகம், தண்ணீர்க் குழாய், சங்கம் பேசி வாங்கிய சம்பள விகிதம் எல்லாம் பெரிய தோட்டத்தின் கணக்கில் இருந்தவை. 40 ஏக்கர் வாங்கிய தவுக்கேக்கு ஆயாக் கொட்டகை எதற்கு? அவர் குத்தகைக்காரரிடம் மரத்தை ஒப்படைத்துவிட்டுப் பட்டணத்தில் இருந்தபடியே ரப்பர் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் பல சங்கங்களை ஒன்றுசேர்த்து எழுந்தது, பி. பி. நாராயணன் அதன் குரலாக இருந்தார். ஆனால் ஒரு முதலாளியோடு ஒப்பந்தம் பேசப் பழகிய சங்கம், ஒரே தோட்டத்தில் திடீரென முளைத்த பல முதலாளிகளோடு எப்படிப் பேசும்?

வேலை போனவருக்கு அன்றே வீடும் போயிற்று. லயத்து வீடு சம்பளத்தின் ஒரு பகுதி, வேலைச் சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த கூரை. மூன்று தலைமுறை பிறந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் குடியிருந்தவர் பெயரில் இல்லை. நிலப் பத்திரமான கிராண்ட் கம்பெனியிடம் இருந்தது. மாரியம்மன் கோயிலும் கம்பெனி நிலத்தில், சுடுகாடும் கம்பெனி நிலத்தில். பால்மரம் வெட்டத் தெரிந்த கைத்திறன் ஒன்றுதான் அவர் கொண்டுபோகக் கூடிய உடைமை. அந்தத் திறனுக்கும் இன்னொரு தோட்டம் வேண்டும். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் தேவை என்றானபோது அந்தக் கதவும் பாதி சாத்தப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டோடு ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதாகக் கணக்கு.

இனி சன் கம்பெனி பக்கம் போவோம். 'ஓப்பன் ஆபீஸ்' என்ற அலுவலக மென்பொருளை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டார் டிவிஷன் என்ற சிறு கம்பெனி உருவாக்கியது அது. 1999இல் சன் அதை வாங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நம் நாட்டில் 2004இல் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் திட்டம் வந்த பிறகு, அரசாங்க நிர்வாகத்தை நவீனப்படுத்தும் மாம்பு அலுவலகம் இதை அரசாங்க இலாகாக்களில் பரப்பியது. தமிழில் 'கோப்பு', 'தொகு' என்று பட்டிகள் வந்ததும் தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான்.

ஆரக்கிள் சன்னை வாங்குவது 2010 ஜனவரி 27இல் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜாவா மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங் வெளியேறினார். ஆகஸ்டில் சன்னின் இன்னொரு திறந்தமூலத் திட்டமான ஓப்பன் சோலாரிஸை ஆரக்கிள் சத்தமில்லாமல் நிறுத்தியது. அடுத்தது நம் தலைதான் என்று ஓப்பன் ஆபீஸ்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. செப்டம்பர் 28ஆம் தேதி அவர்களில் முக்கியமானவர்கள் சேர்ந்து 'டாக்குமென்ட் பவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். மூலநிரலை அப்படியே பிரதி எடுத்து 'லிப்ரே ஆபீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆரக்கிளையும் கூட வரச்சொல்லி அழைத்தார்கள், பழைய பெயரைத் தானமாகக் கேட்டார்கள். வந்த பதில், புதிய அமைப்பில் இருப்பவர்கள் பழைய சமூக மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்பது.

விலகினார்கள். தோட்டத்துக்கும் இதற்கும் இடையே உள்ள பெரும் வேறுபாடு இங்கேதான். விலகியவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பத்து ஆண்டு எழுதிய நிரலின் ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு மொழிபெயர்ப்பும், தமிழ்ப் பட்டிகள் உட்பட, அவர்கள் கூடவே வந்தன. ஆரக்கிளிடமும் எதுவும் குறையவில்லை, ஏனென்றால் பிரதி எடுத்ததால் மூலம் தேய்வதில்லை. 2011 ஜனவரி 25இல் லிப்ரே ஆபீஸின் முதல் பதிப்பு வந்தது. ஏப்ரலில் உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டன. பயன்படுத்தியவருக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் ஒரு சின்னம் மாறியதுதான். முந்தின நாள் எழுதிய கடிதம் மறுநாளும் திறந்தது. துண்டாடலுக்கு அடுத்த நாள் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற நம்மவருக்கு அப்படி ஒரு தொடர்ச்சி கிடைத்ததா?

இதைச் சொல்லிவிட்டு, நிரலாளர்கள் எல்லாரும் சுகமாகத் தப்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாசலைத் தாண்டி வந்தவர்களில் பலர் தன்னார்வலர்கள், அல்லது வேறு கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள். ஆரக்கிளிடம் சம்பளம் வாங்கிய ஹாம்பர்க் குழு அங்கேயே இருந்தது. 2011 ஏப்ரலில் ஓப்பன் ஆபீஸ் வியாபாரத்தைக் கைவிடுவதாக ஆரக்கிள் அறிவித்தபோது வேலை இழந்தவர்கள் அவர்கள்தான். சிலரை ஐபிஎம் எடுத்துக்கொண்டது, சிலர் ரெட் ஹேட்டுக்குப் போனார்கள். உரிமம் நிரலைத்தான் காத்தது, சம்பளத்தை அல்ல. ஆனாலும் அன்று மாலை அவர்கள் போனது சொந்த வீட்டுக்கோ தாங்களே வாடகை கொடுத்த வீட்டுக்கோதான். கம்பெனிக்கும் கூரைக்கும் முடிச்சு இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம் கம்பெனி வேலிக்குள் இல்லை. வேலை போவதும் வாழ்க்கையே போவதும் ஒன்றல்ல என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

கூட்டுறவுக் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1960இல் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்து பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பணம் திரட்டி, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்குவது திட்டம். முதலில் கைக்கு வந்தது கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம். டாக்குமென்ட் பவுண்டேஷனும் 2011 பிப்ரவரியில் கிட்டத்தட்ட இதையே செய்தது. ஜெர்மனியில் அறக்கட்டளை அமைக்க 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது, பயன்படுத்துவோரிடமே கையேந்தினார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது.

எட்டு நாளில் 50,000 யூரோ அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் நிரலை வாங்க வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே கையில் இருந்தது. அமைப்புக்குச் சட்டப் பதிவு மட்டும்தான் செலவு. சம்பந்தனுக்கோ ஒவ்வொரு ஏக்கருக்கும் சந்தை விலை கொடுக்க வேண்டியிருந்தது. மண்ணைப் பிரதி எடுக்க முடியாது. ஆகவே கூட்டுறவு எத்தனை தோட்டத்தை வாங்கினாலும் விற்பனைக்கு வந்த நிலத்தில் அது ஒரு பகுதியாகவே இருந்தது. சம்பந்தனின் முயற்சியை அளவுக்கு மீறிப் புகழ்வாரும் உண்டு, அரசியல் என்று தள்ளிவிடுவாரும் உண்டு. என்னைக் கேட்டால், தொழிலாளர் கையில் உரிமைப் பத்திரமே இல்லாத காலத்தில் அந்தப் பத்திரத்தைக் காசு கொடுத்தாவது வாங்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். பின்னாளில் பங்கு வைத்திருந்தவர்களில் பலரின் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள், கூட்டுறவுத் தோட்டத்திலேயே வேறு நாட்டுத் தொழிலாளர் வேலை பார்க்கும் நிலையும் வந்தது. பங்குதாரரும் பாட்டாளியும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற முதல் நினைப்பு நீடிக்கவில்லை.

கையெழுத்து விஷயம் ஒன்றும் உண்டு. ஓப்பன் ஆபீஸுக்கு நிரல் எழுதியவர்கள் சன் கம்பெனியோடு கூட்டுக் காப்புரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சன் நல்ல கம்பெனி, என்ன ஆகிவிடும் என்று போட்டுக் கொடுத்தார்கள். சன் விற்கப்பட்டதும் அந்த உரிமை முழுவதும் ஆரக்கிளுக்குப் போயிற்று. அதனால்தான் 2011 ஜூனில் ஆரக்கிள் யாரையும் கேட்காமல் ஓப்பன் ஆபீஸை, பெயரோடு சேர்த்து, அப்பாச்சி அறக்கட்டளைக்கு வேறொரு உரிமத்தில் கொடுக்க முடிந்தது. புதிய உரிமத்தின்படி அப்பாச்சியில் எழுதியதை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம், லிப்ரே ஆபீஸில் எழுதியதை அப்பாச்சி எடுக்க முடியாது. ஒருவழிப் பாதை. டாக்குமென்ட் பவுண்டேஷன் பாடம் கற்றுக்கொண்டு, எழுதுபவரிடம் காப்புரிமையைக் கேட்பதே இல்லை என்று முடிவெடுத்தது. உரிமை ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடந்தால் எந்தக் கம்பெனியாலும் மொத்தமாக வாங்க முடியாது. நிலம் சிதறியது தொழிலாளரைக் கெடுத்தது, உரிமை சிதறியது நிரலாளரைக் காத்தது. சிதறியது எது, யார் கையில் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

பெயர் மட்டும் வரவில்லை. விண்டோஸ் பயன்படுத்தும் கோடிக்கணக்கானோர் ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய பெயரையே தேடி இறக்கிக்கொண்டார்கள். அதில் வேலை செய்யும் நிரலாளர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 2014க்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. 2015 ஏப்ரலில் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பதிப்பு அக்டோபரில்தான் வந்தது. ஆள் போய்விட்ட வீட்டில் விளக்கு மட்டும் எரிவது தெரியாமல் ஜனம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 2020 அக்டோபரில் டாக்குமென்ட் பவுண்டேஷன் பகிரங்கக் கடிதம் எழுதி, பயனர்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

நம் பக்கத்தில் இது அப்படியே தலைகீழ். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். நிலம் கம்பெனியுடையது என்பதால் பல பள்ளிகள் பகுதி உதவி மட்டுமே பெற்றன. தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டமாகி, சனம் கலைந்த பிறகு, அந்தப் பள்ளிகளின் உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். இன்று நாட்டின் பல ஊர்களில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகையில் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற சொல் இன்னமும் இருக்கிறது. பெயர்ந்து வந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள், பெயரைக் கொண்டுவந்துவிட்டார்கள். கோயிலுக்கு அந்த வசதியும் இல்லை. சாமியைத் தூக்கலாம், நிலப்பட்டா இல்லாத இடத்தில் எங்கே இறக்குவது?

தோட்டத்தை நம்பியிருந்தவர்கள் லயத்துக்காரர்கள் மட்டுமல்ல. சம்பள நாளைக் கணக்கு வைத்துக் கடன் கொடுத்த மெர்லிமாவ், ஜாசின் மளிகைக் கடைகள், சேலைக்காரர், முடிதிருத்தும் நிலையம், சினிமா வண்டி என்று ஒரு வட்டாரமே இருந்தது. மென்பொருள் உலகில் இவர்கள் இடத்தில் இருப்பவர்கள் பயனர்கள். அவர்களுக்கு மூலநிரல் மூடப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் விஎம்வேர் என்ற மென்பொருள் கம்பெனி. 2023 நவம்பர் 22இல் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை விற்பதை நிறுத்தியது, இனி சந்தா மட்டும்தான் என்றது. வாடிக்கையாளர் பிரதி எடுத்துக்கொண்டு தனி வழி போக வழியில்லை. கேட்ட தொகையைக் கொடு, இல்லையென்றால் பல ஆண்டு கட்டிய ஏற்பாட்டைப் பிரித்து வேறு இடம் போ. லயத்து வீட்டுக்காரர் நிலைக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை மென்பொருளில் கிடைக்காது.

சட்டம் ஏதும் குறுக்கே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது, தாமதமாக. 1980இல் வந்த ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி. நிறுவனம் கைமாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால் இழப்பீடு கிடையாது. துண்டாடலின் உச்சக் காலத்தில் இந்த விதிகள் இல்லை. வந்தபோது பெரும்பாலும் கம்பெனியே கம்பெனியை வாங்கும் காலம் ஆகிவிட்டது. 1981க்குப் பிறகு கத்ரித் தோட்டத்தில் அதே பிரட்டு, அதே லயம், அதே கூலி. நாட்டுடைமையானது பங்கு, வீடு அல்ல. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாகின. 2017இல் தோட்டப் பிரிவும் வீடமைப்புப் பிரிவும் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தன. 2024இல் சைம் டார்பி பிளான்டேஷன் தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. 1981இல் அவ்வளவு வீராவேசமாகக் கைப்பற்றிய வெள்ளைக்காரப் பெயரை நாமே தூசி தட்டி எடுத்து மாட்டிக்கொண்டது வேடிக்கைதான். கம்பெனிகளுக்குப் பெயரின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

இன்று ஜாசின் பக்கத்துச் செம்பனையில் குலை வெட்டுபவர் பெரும்பாலும் தமிழர் அல்ல. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளிகள். அவருடைய தற்காலிக வேலைப் பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளியை விட்டால் பெர்மிட் போயிற்று, பெர்மிட் போனால் நாட்டில் இருக்க முடியாது. 2020 டிசம்பர் 30இல் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளான்டேஷனின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியதற்குக் காட்டிய காரணங்களில் தொழிலாளரின் அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்திருந்ததும் ஒன்று. 2023 பிப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது.

கம்ப்யூட்டர் வேலை என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கும் பெற்றோர் இங்கே நிறைய. அமெரிக்காவில் எச்1பி விசாவில் நிரல் எழுதும் சென்னைப் பையனுக்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கும் விசா ஒரு முதலாளியின் பெயரில்தான். கம்பெனி விற்கப்பட்டு, புதிய முதலாளி ஆட்குறைப்பில் கை வைத்தால், 2017 ஜனவரியில் வந்த விதிப்படி வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள். வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளி, வாங்கிய கார் எல்லாவற்றையும் அந்த 60 நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். அவர் எழுதிய நிரல் திறந்த உரிமத்தில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கடவுச்சீட்டில் குத்திய முத்திரைக்கு அப்படி ஒரு உரிமம் இன்னும் யாரும் எழுதவில்லை.